நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் கான்ட்ராதான்

2025 ஏப்ரலில் லண்டன் பாஃப்டா அமைப்பு பொதுமக்களிடம் ஓட்டு வாங்கி ஒரு தீர்ப்புச் சொன்னது. உலகத்திலேயே அதிகச் செல்வாக்குச் செலுத்திய வீடியோ கேம் எது என்பது கேள்வி. வந்த பதில் ஷென்மூ. 1999 டிசம்பர் கடைசியில் ஜப்பானில் வெளியானது. உருவாக்கியவர் யூ சுசுகி. ஓடியது சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் பெட்டியில். கதை நமக்கு அத்துப்படியானதுதான். கண்ணெதிரே அப்பாவைக் கொன்றவனைத் தேடிக் கிளம்புகிறான் மகன். நம்மூர்ப் படமாக இருந்தால் இடைவேளைக்குள் வில்லனின் தம்பிகள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். ஷென்மூ ஹீரோவோ தெருத்தெருவாகப் போய், மாலுமிகளை எங்கே பார்க்கலாம் என்று மரியாதையாக விசாரிக்கிறான். கடை திறக்கும்வரை காத்திருக்கிறான். பிறகு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்து பெட்டி தூக்கி வைத்துச் சம்பளம் வாங்குகிறான். பழிவாங்கல் பாக்கி.

சரி, நல்ல கேமாகவே இருக்கட்டும். ஏழாவது இடத்தைப் பாருங்கள்: கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2. அது வெளியானதே 2025 பிப்ரவரியில். பிறந்து இரண்டு மாதம், கழுத்துகூட நிற்கவில்லை, அதற்குள் பரம்பரைக்கே வழிகாட்டியாம். டெட்ரிஸுக்குப் பதினோராவது இடம். 21 கேம்கள் கொண்ட அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் கான்ட்ராவைக் காணோம்.

யாருடா ஓட்டுப் போட்டது?

தீர்ப்புச் சொல்ல லண்டனுக்கு யோக்கியதை இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரைக்கு அனுபவம் கூட என்றுதான் சொல்கிறேன். புலவர்கள் பாட்டோடு வந்து நின்றால், தகுதி உள்ளவருக்கு மட்டும் சங்கப் பலகை இடம் கொடுத்தது என்பது எங்கள் ஊர்ப் புராணம். ஓட்டும் கிடையாது, லைக்கும் கிடையாது, பலகை சொன்னால் சொன்னதுதான். சிவபெருமான் எழுதித் தருமியிடம் கொடுத்தனுப்பிய பாட்டையே குற்றம் என்று திருப்பி அனுப்பியவர் எங்கள் நக்கீரர். ஆயிரம் பொன் பரிசு, கேட்டவர் கடவுள், மிரட்டியது நெற்றிக்கண். அப்போதும் மார்க் போடவில்லை.

மதுரையிலும் குறிப்பாகத் திருநகருக்கு இந்த வழக்கில் பாத்தியதை உண்டு. திருமங்கலம் ரோட்டில் பசுமலை, திருப்பரங்குன்றம் தாண்டினால் திருநகர். 2011-ல் மாநகராட்சியோடு சேரும்வரை தனிப் பேரூராட்சி. பஸ் ஸ்டாப்புகளுக்குப் பெயர் யோசித்து நேரத்தை வீணாக்காமல் ஒன்றாவது ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று எண் போட்டுவிட்ட ஊர். வீடியோ கேமில் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கூப்பிடு தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை. அங்கே கற்கிமுகி என்று ஒரு பூதம் இருந்ததாம், குதிரை முகம். அதற்கு ஒரு கொள்கை: சில்லறையாகச் சாப்பிடாது. சிவபூஜையில் கவனம் சிதறுகிறவர்களைப் பிடித்துக் குகையில் அடைக்கும். ஆயிரம் பேர் சேர்ந்ததும் மொத்தமாக விழுங்கும். 999 பேர் சேர்ந்தாயிற்று, ஒன்று குறைகிறது. குளக்கரையில் நக்கீரர் பூஜைக்கு உட்கார்ந்தார். மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. தண்ணீரில் பட்ட பாதி மீனாயிற்று, கரையில் பட்ட பாதி பறவையாயிற்று, இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. இப்படியொரு கிராபிக்ஸை யாரால் பார்க்காமல் இருக்க முடியும்? நக்கீரர் பார்த்தார். கேம் ஓவர்.

உள்ளே இருந்த 999 பேரும் அவரை மாலை போட்டா வரவேற்றிருப்பார்கள்? "நல்லாத்தானய்யா இருந்தோம், கணக்கை முடிக்கவா வந்தீரு?" என்று பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் திருமுருகாற்றுப்படை பாட, முருகன் வேலால் குன்றைப் பிளந்து ஆயிரம் பேரையும் மீட்டார். ஆக, ஒரே இடத்தில் 999 உருப்படியை அடைத்து வைக்கும் தொழில்நுட்பம் எங்கள் பக்கத்தில் தைவான்காரனுக்கு முன்பே இருந்தது. இந்த 999 பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையைக் குளத்தில் இறக்கியாயிற்று. வழக்குகளைக் கூப்பிடலாம்.

முதலில் வந்தது பாங். 1972, அமெரிக்கா, அட்டாரி கம்பெனி. இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. நோலன் புஷ்னெல் சொல்ல, ஆலன் அல்கார்ன் செய்தார். கலிபோர்னியாவில் ஒரு சாராயக் கடையில் முதல் மெஷினை வைத்தார்கள். சில நாளில் மெஷின் ரிப்பேர் என்று ஆள் வந்தது. திறந்து பார்த்தால் காசுப் பெட்டி நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அதிர்ஷ்டமான ரிப்பேர் நம் தெருவில் எந்த மெஷினுக்கும் வந்ததில்லை. ஆனால் அதற்கு முன்பே ரால்ஃப் பேயர் என்பவர் மூளையில் பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி பெட்டியில் இதே மாதிரி டென்னிஸ் இருந்தது. புஷ்னெல் அதை நேரில் பார்த்தும் இருந்தார். கேஸ் கோர்ட்டுக்குப் போய், 1976-ல் அட்டாரி பணம் கட்டி சமரசம் செய்துகொண்டது. இந்தத் தொழிலின் முதல் வெள்ளிவிழாப் படமே கதைத் திருட்டு வழக்கு. கோடம்பாக்கத்துக்கு இதைவிட ஆறுதல் உண்டா? பலகை பாங்குக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தது.

அடுத்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978, தோமோஹிரோ நிஷிகாடோ. ஜப்பானில் இதை ஆடி ஆடி 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்பார்கள். அது புராணம், எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது. நிஜக் கதை இன்னும் நல்லது. ஆரம்பத்தில் அத்தனை வேற்றுக்கிரகப் பூச்சிகளையும் நகர்த்த முடியாமல் சிப் திணறியது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது, சிப்புக்கு மூச்சு வந்தது, மீதிப் பூச்சிகள் வேகம் எடுத்தன. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். ஆட ஆட ஆட்டம் கஷ்டமாகிக்கொண்டே போவது என்கிற மொத்தக் கலையும் மெஷினின் இயலாமையிலிருந்து பிறந்தது. நக்கீரர் முதன்முறையாகத் தலையாட்டினார்.

பேக்மேன், 1980. வாயைத் திறந்துகொண்டு தின்றுகொண்டே ஓடுவது. ராத்திரி ரெண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும் ஊரில் இதற்குத் தனி மரியாதை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்தது.

அடுத்தது ஈ.டி. ஸ்பீல்பெர்க் படம் ஓடு ஓடென்று ஓட, 1982 கிறிஸ்துமஸுக்குள் கேம் வேண்டும் என்றது அட்டாரி. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆளுக்கு ஐந்தே வாரம் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் நம் வீடுகளில் ஒட்டடைகூட அடித்து முடிப்பதில்லை. கேமில் ஈ.டி. நடக்கும், குழியில் விழும், ஏறும், மறுபடி விழும். விற்காத கேசட்டுகளை 1983-ல் லாரியில் ஏற்றி நியூ மெக்சிகோவில் அலமோகார்டோ குப்பைக் கிடங்கில் புதைத்து மேலே கான்கிரீட் போட்டார்கள். 2014-ல் கேமரா சகிதம் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. நாமும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் கீழடியில் தோண்ட ஆரம்பித்தோம். கிடைத்தவற்றில் தந்தத்தில் செய்த பகடை, ஆட்டக்காய்கள், பாண்டி ஆடும் சுடுமண் சில்லுகள் உண்டு. வைகைக்கரையில் ஆடித் தேய்த்ததைத்தான் விட்டுப் போயிருக்கிறார்கள். ஓடாத ஆட்டத்தை லாரி லாரியாகப் புதைப்பது அமெரிக்க நாகரிகம்.

ஈ.டி.யோடு அமெரிக்காவில் வீடியோ கேம் தொழிலே படுத்தது. ஜப்பான்காரர்கள் தூக்கி நிறுத்தினார்கள். 1983 ஜூலையில் நின்டெண்டோ ஃபேமிகாம் பெட்டி, 1985-ல் அதில் சூப்பர் மரியோ. மரியோ 1981-ல் டாங்கி காங்கில் பெயரில்லாத குதிக்கும் ஆளாகப் பிறந்தவர். முகத்தில் வாய் வரையப் புள்ளி போதவில்லை, மீசை வைத்தார் அவரைப் படைத்த மியாமோட்டோ. தலைமுடி வரைய வசதியில்லை, தொப்பி வைத்தார். அமெரிக்காவில் நின்டெண்டோவின் குடோன் ஓனர் வாடகை கேட்டுக் கத்திவிட்டுப் போனதும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள் என்பது கம்பெனி வரலாறு. வாடகை பாக்கிக்கு ஹீரோ பெயர்! நம் ஊரில் இது அமலுக்கு வந்தால் எத்தனை ஹீரோக்கள் இருந்திருப்பார்கள். மீசையை மதிக்கிற ஊர் என்பதால் மரியோவுக்குப் பலகையில் நல்ல இடமே கிடைத்தது.

ஆனால் இதெல்லாம் ஜப்பான், அமெரிக்கா சமாச்சாரம். திருநகருக்கு எது வந்து சேர்ந்தது என்பதல்லவா கேள்வி? யாரும் தொட்டே பார்க்காத கேம் யாரிடம் செல்வாக்குச் செலுத்தும்?

இங்கேதான் பூட்டு விவகாரம் வருகிறது. 1985-ல் அமெரிக்காவுக்குப் போன நின்டெண்டோ பெட்டியில் ஒரு பூட்டுச் சிப் வைத்தார்கள். கம்பெனி அனுமதியில்லாத கேசட்டைச் சொருகினால் ஓடாது. ஜப்பான் ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. பூட்டாத வீட்டை ஆசியா சும்மா விடுமா? தைவானிலும் சீனாவிலும் அதே பெட்டியைப் பிரதி எடுத்துத் தள்ளினார்கள். ரஷ்யாவில் அதற்குப் பெயர் டெண்டி. நமக்கு மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர். தொண்ணூறுகளில் திருநகரில் டிவி கேம் என்றால் இவைதான். மீனாட்சி பஜாரிலோ டவுன் ஹால் ரோட்டிலோ வாங்கி, மஞ்சப்பையில் போட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, ஸ்டாப்பை எண்ணிக்கொண்டே வந்து இறங்கும் பையனுக்குப் பின்னால் தெருவே நடந்து வரும். நின்டெண்டோ என்ற பெயரைப் பல வருஷம் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டதும், "அவய்ங்க மீடியாவைப் பாத்துக் காப்பி அடிச்சிட்டாய்ங்கடா" என்று வருத்தப்பட்டோம்.

கூடவே வந்த மஞ்சள் கேசட்டில் எழுதியிருக்கும்: 999 இன் 1. சிலதில் 9999. கற்கிமுகியின் குகை கேசட்டாக மறுபிறவி எடுத்து வந்துவிட்டது. உள்ளே இருப்பது பத்தோ இருபதோ. அதே கேமையே இரண்டாவது ஸ்டேஜிலிருந்து ஆரம்பித்தால் ஒரு நம்பர், வேகத்தைக் கூட்டினால் இன்னொரு நம்பர். ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து 700-ஆவது கேம் வரை இறங்கிப் போனவர்கள் உண்டு. அங்கேயும் அதே டாங்க், அதே சர்க்கஸ் சிங்கம். உள்ளே அடைபட்டிருந்த மீதி யாரையும் மீட்க எந்த முருகனும் வரவில்லை.

கேம் ஓடாவிட்டால் கேசட்டை உருவி ஊதுவோம். ஊதுவதில் விஞ்ஞானம் ஏதும் இல்லை. உருவி மறுபடி சொருகியதில் பின்கள் சரியாக உட்கார்ந்ததுதான் வைத்தியம். எச்சில் ஈரத்தில் பின் துருப்பிடித்ததுதான் மிச்சம். ஆனாலும் தெருவில் 'நல்ல ஊதுகாரன்' என்று ஒருவனுக்குப் பெயர் இருக்கும், அவனை வீடு வீடாகக் கூட்டிப் போவார்கள்.

எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. சாலிடேர், டயனோரா டிவிகளின் காலம் அது. "டிவி கேம் போட்டா பிக்சர் டியூப் போயிரும்" என்று திண்ணையிலிருந்து தாத்தா தீர்ப்புச் சொல்வார். அசையாத படத்தை மணிக்கணக்கில் காட்டினால் பழைய டியூபில் அதன் தடம் பதிந்துவிடும் என்பது உண்மை. அட்டாரி 2600-ல் ஆட்டத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனால் நிறங்கள் தானாக மாறிக்கொண்டிருக்கும், டியூபைக் காப்பாற்றத்தான். அட்டாரி எஞ்சினியர்களுக்கும் எங்கள் தாத்தாக்களுக்கும் இந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை. தவிர, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலப் படம் ஆகிய நேரங்களில் கேம் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டும். அது எழுதாத சட்டம்.

இப்போது முக்கிய வழக்கு. கான்ட்ரா, கொனாமி கம்பெனி, 1987-ல் கடை மெஷின், 1988-ல் ஃபேமிகாம். காட்டுக்குள் இரண்டு பேர், சட்டை கிடையாது, ஒருவருக்கு நீலப் பேன்ட், இன்னொருவருக்குச் சிவப்பு. அட்டைப் படத்தைப் பார்த்தால் ஒருவர் அர்னால்டு, இன்னொருவர் ஸ்டாலோன். எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒருவர் ஓடினால் அது கேப்டன் பிரபாகரன், அதாவது எங்கள் மதுரை விஜயகாந்த். வித்தியாசம் ஒன்றுதான். கான்ட்ரா ஆளுக்கு ஒரே குண்டு பட்டாலும் உயிர் போய்விடும். எத்தனை பேர் சுட்டாலும் கேப்டனுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய அதிர்ச்சி. ஜெர்மனியில் மனிதர்களைச் சுடுவது ஆகாது என்று ஐரோப்பாவுக்கு மட்டும் எல்லோரையும் ரோபோ ஆக்கி, ப்ரோபோடெக்டர் என்று பெயரையும் மாற்றினார்கள். எங்களுக்கு அந்த மனச்சாட்சிப் பிரச்சினை இருக்கவில்லை.

ஆளுக்கு மூன்று உயிர். மூன்றும் போனவர் என்ன செய்வார்? இங்கேதான் கொனாமிக்காரன் சமூகத்தையே புரட்டிப்போட்டான். கூட ஆடுகிறவனிடம் உயிர் மிச்சமிருந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு இவர் எழுந்து வரலாம். பட்டனைத் தட்டினால் போதும், கேட்க வேண்டியதில்லை. திருநகரின் கடன் வரலாறு இங்கே தொடங்குகிறது. "டேய் மாப்ள, ஒரு லைஃப் எடுத்துக்கிறேன்டா, அடுத்த ஆட்டத்துல தந்துர்றேன்" என்று வாங்கியவன், அடுத்த பாலத்திலேயே அந்த உயிரையும் விட்டுவிட்டு மறுபடி கை நீட்டுவான். கொடுத்தவன் கஞ்சன், வாங்கியவன் வீரன். வட்டி கிடையாது, அசலும் திரும்பாது. பிற்காலத்தில் நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட எங்கள் ஊர்க்காரர்களின் மனநிலையை ஆராய விரும்புகிறவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே மேலே தாவி ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவன் ஏறிக்கொண்டே போனால் திரையும் அவனோடு ஏறிவிடும். கீழே நிற்பவன் காலடி திரைக்கு வெளியே போய் உயிரை விடுவான். குண்டு வேண்டாம், எதிரி வேண்டாம், சொந்த அண்ணன் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும். கூட்டுக்குடும்பம், பாகப்பிரிவினை, வெளிநாடு போன மூத்தவன் என்று எத்தனை படம் எடுத்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. எத்தனையோ வீடுகளில் அருவி ஸ்டேஜ் முடியும்போது கேம் ஓடிக்கொண்டிருக்கும், ஆடியவர்கள் தரையில் உருண்டுகொண்டிருப்பார்கள்.

முப்பது உயிர் தரும் மந்திரமும் உண்டு. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இதை உருவாக்கியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர். தன்னால் ஜெயிக்க முடியாத அளவுக்கு அது கஷ்டமாக இருக்கவே, தன் வசதிக்கு ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அதை எடுக்காமலே கேம் வெளியே போய்விட்டது. பரீட்சை பேப்பர் திருத்துகிறவரே பிட்டு வைத்திருந்த கதை. எங்கள் தெருவில் அது வாய்வழி இலக்கியமாகப் பரவி, ஆளுக்கொரு பாடபேதம் ஆயிற்று. எந்தப் பாடம் சரி என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருந்தால் நக்கீரர் மகிழ்ந்திருப்பார்.

இதற்குப் பின் வந்தவர்களை நீட்டாமல் விசாரிக்கலாம். டக் ஹன்ட் துப்பாக்கி: சுடும்போது திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி மூக்கில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து காலி. நாங்கள் கண்ணாடியில் மூக்கு உரசும் தூரத்தில் நின்று சுட்டோம். குறி தப்பினால் சிரிக்கும் அந்த நாயைச் சுடத்தான் ஊரே ஆசைப்பட்டது. வீட்டுப் பெட்டியில் அந்த ஒரு நீதியைக் கம்பெனி தரவே இல்லை.

முஸ்தபா கேம்: 1993-ல் கேப்காம் போட்ட மெஷின். சரியான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பது ஆடியவர்களில் யாருக்கும் தெரியாது. மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா, ஆகவே கேம் பெயர் முஸ்தபா. 1996-ல் காதல் தேசம் படத்தின் முஸ்தபா பாட்டு வந்ததும் கேமுக்குத்தான் பாட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்த கோஷ்டியும் இருந்தது. சாலிடேர் சீட்டு: மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த வெஸ் செர்ரி எழுதியது, 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது, அவருக்கு ராயல்டியாக ஒரு காசும் இல்லை. 2006-ல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் ஓர் ஊழியர் கம்ப்யூட்டரில் சீட்டைப் பார்த்து வேலையைவிட்டே தூக்கினார். நம் ஆபீஸ்களில் அந்த அளவுக்குக் கொடுமை இல்லை. நோக்கியா பாம்பு: 1997, தானெலி அர்மாண்டோ. வைகுண்ட ஏகாதசி ராத்திரி பரமபதத்தில் பாம்புக்குப் பயந்து விழித்த பரம்பரை. நோக்கியா எங்களையே பாம்பாக்கிற்று. தின்றால் நீளும், நீண்டால் தன்மேலேயே முட்டிச் சாகும்.

டெட்ரிஸுக்கு மட்டும் எழுந்து நிற்க வேண்டும். 1984, மாஸ்கோ அறிவியல் கழகத்தில் அலெக்ஸி பஜித்னோவ். அவருடைய மெஷினில் படம் வரையவே வசதியில்லை, அடைப்புக்குறிகளை வைத்தே கட்டம் கட்டினார். கேம் உலகத்தைச் சுற்ற, கம்பெனிகள் உரிமைக்கு அடித்துக்கொள்ள, ஆக்கியவர் கைக்கு ராயல்டி வர ஆரம்பித்தது 1996-ல். எங்களுக்கு அது திருவிழாக் கடையில் விற்ற பிரிக் கேம். பேட்டரியில் ஓடியதால் கரண்ட் போனாலும் நிற்காது, டிவி வேண்டாம், தாத்தாவும் குறுக்கே வரமாட்டார். அம்மாக்கள் கைக்குப் போன ஒரே கேம் அதுதான். போனது திரும்பி வரவில்லை. பகல் தூக்கத்தை விட்டுவிட்டு ஸ்கோர் ஏற்றினார்கள்.

விசாரணை முடிந்தது. எத்தனை விற்றது, எந்த விமர்சகர் கண்ணீர் விட்டார், பிற்காலக் கேம்கள் எதிலிருந்து எதை உருவின என்பதெல்லாம் இந்தப் பலகைக்கு வேண்டாத சாட்சியம். ஆடியவர்கள் எழுந்து போனபிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே சாட்சியம். முதலிடம் கான்ட்ரா. இரண்டாமிடம் டெட்ரிஸ், இங்கே மட்டும் பிரிக் கேம் என்ற பெயரில். ஃபேமிகாமில் பூட்டு வைக்க மறந்த அந்த ஜப்பானிய எஞ்சினியருக்குத் தனியாக ஒரு பொற்கிழி. தீர்ப்பில் ஆட்சேபம் உள்ளவர்கள் மேல்முறையீட்டுக்கு வரலாம். ஆனால் அதற்கு முன், தொண்ணூறுகளில் என்னிடம் லைஃப் வாங்கியவர்கள் அசலையாவது திருப்பித் தந்துவிடவும்.